தராசு பார்க்காத வேற்றுமை

நான் சிறுமியாக இருந்தபோது, பள்ளி விடுமுறை நாள்களில் அம்மாவோடு பால் ஸ்டோருக்குப் போவதுண்டு. தைப்பிங்கில் மழைக்குக் குறைவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். மழை விட்டுக்கொடுத்த நாளில் நிரையை முடித்துவிட்டு, ஆண்களும் பெண்களும் காண்டா வாளியோடு வரிசையில் நிற்பார்கள். கிராணி ஒவ்வொருவர் பாலையும் நிறுத்து, அளவு பார்த்து, புத்தகத்தில் எழுதுவார். அப்பாவின் பாலைவிட அம்மாவின் பால் அதிகமாக இருக்கும் நாளும் உண்டு. அன்றைக்கு அப்பா கொஞ்சம் முகத்தைத் திருப்பிக் கொள்வார். கிராணி சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுப்பார். பாலை ஊற்றியது ஆணா பெண்ணா என்று தராசு பார்ப்பதில்லை.

ஆனால், அதே தோட்டத்தில் எங்கள் பிரிவுத் தண்டல் ஓய்வு பெற்றபோது நடந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. அம்மாவுக்கு அப்போது இருபது வருட அனுபவம். புதிதாக வந்தவர்களுக்குக் கத்தி பிடிக்கவும், பட்டையைக் காயப்படுத்தாமல் சீவவும் சொல்லிக் கொடுத்தவர் அவர். புதுத் தண்டலாக வந்தவரோ, அம்மாவிடம் கத்தி பிடிக்கக் கற்றுக்கொண்ட ஓர் இளைஞர். "ஏம்மா, உங்களை ஏன் போடலே?" என்று கேட்டேன். அம்மா சிரித்தார். "பொம்பளையைப் போயி யாருடி தண்டலாப் போடுவாங்க?" என்றார்.

அந்தச் சிரிப்பில் வருத்தம் இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை வருத்தம். அப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே அவருக்குத் தோன்றவில்லை.

இன்று நாம் பேசப் போவது அந்தக் கேள்வியைப் பற்றித்தான். வேலை உலகில் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே ஏற்றத்தாழ்வு ஏன் இருக்கிறது? சம்பளத்தில் இருந்த வேற்றுமை குறைந்த பிறகும், மேல் படிகளில் பெண்கள் ஏன் குறைவாக இருக்கிறார்கள்? பெரிய கம்பெனிகளின் இயக்குநர் சபையைப் பற்றி நமக்கென்ன என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே நடப்பதும் எங்கள் தோட்டத்தில் நடந்ததும் ஒரே கதைதான்.

முதலில் கூலியை எடுத்துக் கொள்வோம்.

நம் பாட்டன் பாட்டி காலத்தில், 1920-களின் பிற்பகுதியில், மலாயாவின் தோட்டப் பகுதிகளில் இந்தியத் தொழிலாளருக்கு நிலையான கூலி ஒன்று வகுக்கப்பட்டது. ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. 1930-இல் உலகம் முழுவதும் வியாபாரம் படுத்து, ரப்பர் விலை விழுந்தபோது, ஆண் கூலி 40 காசாகவும் பெண் கூலி 32 காசாகவும் குறைக்கப்பட்டன. 1936-ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவிலிருந்து வந்து தோட்டங்களைப் பார்வையிட்ட வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், பழைய கூலியையே திரும்பக் கொடுக்கும்படி எழுதினார். அதாவது, ஆணுக்கு 50, பெண்ணுக்கு 40.

இந்தக் கணக்கைக் கவனியுங்கள். ஐம்பதில் நாற்பது ஐந்தில் நான்கு பங்கு. நாற்பதில் முப்பத்திரண்டும் ஐந்தில் நான்கு பங்குதான். விலை ஏறினாலும் இறங்கினாலும், தொழிலாளருக்காகப் பரிந்து பேச வந்தவர் பேசினாலும், அந்த ஐந்தில் ஒரு பங்கு மட்டும் பெண்ணுக்குத் திரும்பவே இல்லை. மாதம் 25 நாள் வேலை என்றால் ஆணுக்கு 12 வெள்ளி 50 காசு. பெண்ணுக்கு 10 வெள்ளி. ஒரு வருடத்தில் 30 வெள்ளி வித்தியாசம். அது அவள் மூன்று மாத உழைப்பு. பெண்ணின் கூலி குடும்பத்துக்குத் துணைக் கூலி என்பது அந்தக் காலத்து எண்ணம். கணவனை இழந்து, பிள்ளைகளைத் தனியே வளர்த்தவளுக்கும் அதே 40 காசுதான்.

தோட்டத்தில் மட்டும் இப்படி என்று எண்ண வேண்டாம். படித்த பெண்களுக்கும் இதே நிலைதான். ஒரே கல்லூரியில் பயிற்சி பெற்று, ஒரே பள்ளியில், ஒரே வகுப்புக்குப் பாடம் நடத்திய ஆசிரியைக்கு ஆசிரியரைவிடச் சம்பளம் குறைவு.

இதை எதிர்த்துப் போராடியவர்களில் நம் பேரா மாநிலத்துப் பெண்மணி ஒருவர் முன்னணியில் நின்றார். அவர் 1927-இல் ஈப்போவில் பிறந்த இராசம்மா பூபாலன். 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இந்தியத் தேசிய ராணுவத்தில் பெண்களுக்கென ஜான்சி ராணிப் படையை அமைத்தபோது, தம் தமக்கையோடு அதில் சேர்ந்து பர்மா வரை சென்றவர். தோட்டத்திலிருந்தும் ஏராளமான தமிழ்ப் பெண்கள் அந்தப் படையில் சேர்ந்தார்கள். போர் முடிந்தபின் இராசம்மா படித்து ஆசிரியையானார். 1960-இல் ஆசிரியைகளுக்கென்று தனிச் சங்கம் அமைந்தபோது அதன் முதல் தலைவியானார். சம வேலைக்குச் சம சம்பளம் என்பதே அந்தச் சங்கத்தின் முதற் கோரிக்கை. மற்ற மகளிர் அமைப்புகளும் சேர்ந்து குரல் கொடுத்தன. 1969-இல் அரசாங்கச் சேவையில் பெண்களுக்குச் சம ஊதியம் நடைமுறைக்கு வந்தது.

இன்று எனக்கும் பக்கத்து வகுப்பு ஆசிரியருக்கும் ஒரே சம்பளப் பட்டியல். சம்பள நாளில் நான் அதைப் பற்றி நினைப்பதுகூட இல்லை. ஆனால் யாரோ சிலர் ஊர் ஊராய்ப் பேசி, மனு எழுதி, கூட்டம் கூட்டிப் பெற்றுத் தந்தது அது.

அதன்பின் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. 2001-இல் நம் நாட்டு அரசியலமைப்பின் எட்டாம் விதி திருத்தப்பட்டு, ஒருவர் ஆண் அல்லது பெண் என்பதால் பாகுபாடு காட்டலாகாது என்ற கருத்து அதில் சேர்ந்தது. 2013-இல் குறைந்தபட்சச் சம்பளம் வந்தது. தீபகற்பத்தில் அன்று 900 வெள்ளி. 2025 முதல் 1,700 வெள்ளி. அந்தச் சட்டத்தில் ஆணுக்கு ஒரு தொகை, பெண்ணுக்கு ஒரு தொகை என்று எழுதவில்லை. ஐம்பதும் நாற்பதும் எழுதியிருந்த காலம் போய்விட்டது.

அப்படியானால் ஏற்றத்தாழ்வு தீர்ந்துவிட்டதா? எழுதி வைத்த வேலி போயிற்று. எழுதாத வேலி நிற்கிறது.

நம் தோட்டத்து ஏணியை எண்ணிப் பாருங்கள். கீழ்ப் படியில் பால் சீவுகிறவர்கள். அதற்கு மேல் தண்டல், அதற்கு மேல் கிராணி, அதற்கு மேல் துரை. கீழ்ப் படியில் பாதிப் பேர் பெண்கள். இரண்டாம் படியிலிருந்து மேலே எல்லாரும் ஆண்கள். 1972-இல் பினாங்கு பாயான் லெப்பாஸில் வரியற்ற தொழில் வட்டாரம் திறந்தபோது, மின்னணுத் தொழிற்சாலைகள் இளம் பெண்களை ஆயிரக்கணக்கில் வேலைக்கு எடுத்தன. தோட்டத்துப் பெண் பிள்ளைகளும் விடியற்காலையில் பஸ் ஏறிப் போனார்கள். அங்கேயும் பெட்டிக் கம்பியை இணைக்கும் வரிசையில் பெண்கள்; வரிசையை மேற்பார்வை பார்ப்பவர் பெரும்பாலும் ஆண்.

இதற்குக் காரணம் பெண்ணின் திறமைக் குறைவு என்பார்கள் சிலர். அதைச் சோதித்துப் பார்த்த கதை ஒன்று சொல்கிறேன்.

அமெரிக்காவில் பெரிய இசைக் குழுக்கள் உண்டு. நூறு பேர் சேர்ந்து வாசிக்கும் குழுக்கள். அவற்றுள் தலைசிறந்த ஐந்தில், 1970-ஆம் ஆண்டு வாக்கில் நூற்றுக்கு 5 பேர்தான் பெண்கள். தேர்வு வைப்பவர்கள், "நாங்கள் இசையை மட்டுமே கேட்கிறோம்" என்றுதான் சொன்னார்கள். பிறகு பல குழுக்களில், வாசிப்பவருக்கும் தேர்வாளருக்கும் நடுவே ஒரு திரை கட்டினார்கள். குதிகால் செருப்பின் ஓசை கேட்டு ஆள் தெரிந்துவிடக் கூடாதென்று சில இடங்களில் தரையில் கம்பளம் விரித்தார்கள். 1990-களில் அதே குழுக்களில் பெண்கள் நூற்றுக்கு 25 பேர் ஆனார்கள். திரை ஒன்றுதான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இசை கற்ற பெண்களும் அக்காலத்தில் பெருகினார்கள். ஆயினும் திரைக்கு அதில் பங்குண்டு என்று கிளாடியா கோல்டின், சிசிலியா ரௌஸ் என்ற இரு பொருளாதார அறிஞர்கள் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் காட்டினார்கள்.

அந்தத் திரையும் நம் பால் ஸ்டோர்த் தராசும் ஒன்றே. அளந்து பார்க்கும் இடத்தில் பெண் தாழ்வதில்லை. ஆளைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் இடத்தில், தண்டல் என்றால் எப்படி இருப்பார் என்று நம் மனத்தில் ஏற்கெனவே ஒரு படம் இருக்கிறது. அந்தப் படத்துக்குப் பொருந்துபவரையே தேர்ந்தெடுக்கிறோம். சென்ற ஆண்டு என் ஐந்தாம் ஆண்டு மாணவர்களிடம் ஒரு கம்பெனியின் மேலாளரை வரையச் சொன்னேன். பெண் பிள்ளைகள் உட்பட எல்லாருமே கழுத்துப் பட்டை கட்டிய ஆணைத்தான் வரைந்தார்கள். பத்து, பதினோரு வயதுக்குள் அந்தப் படம் மனத்தில் பதிந்துவிடுகிறது.

இனி, பெரிய கம்பெனிகளின் உச்சிப் படிக்கு வருவோம். ஒரு கம்பெனி எதில் பணம் போடுவது, யாரை மேலாளர் ஆக்குவது, எந்தத் தொழிற்சாலையை மூடுவது என்றெல்லாம் முடிவு செய்வது அதன் இயக்குநர் சபை. அங்கே எடுக்கும் முடிவு நம் வீட்டு அடுப்பங்கரை வரை வரும். ஒரு ரப்பர் தோட்டத்தைச் செம்பனையாக்குவதென்றோ விற்பதென்றோ முடிவு எடுக்கும்போது, அந்த மேசையைச் சுற்றி யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது நமக்கும் அக்கறையுள்ள விஷயம்தான்.

நார்வே நாடு 2003-இல், பெரிய கம்பெனிகளின் சபையில் நூற்றுக்கு 40 பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. இந்தியா 2013-இல், பங்குச் சந்தையில் உள்ள கம்பெனிகளுக்கு ஒரு பெண் இயக்குநராவது கட்டாயம் என்றது. நம் நாட்டில் 2004-இல் அரசாங்கத் துறைக்கும், 2011-இல் தனியார் துறைக்கும், முடிவெடுக்கும் பதவிகளில் நூற்றுக்கு 30 பேர் பெண்கள் என்ற கொள்கை அறிவிக்கப்பட்டது. தனியார் துறைக்கு 2016 வரை தவணை. அந்தத் தவணையில் எட்டவில்லை. பிறகு விதியை இறுக்கினார்கள். 2022 செப்டம்பர் முதல் பெரிய கம்பெனிகளிலும், 2023 ஜூன் முதல் பங்குச் சந்தையிலுள்ள மற்றக் கம்பெனிகளிலும், சபையில் ஒரு பெண்ணாவது இருந்தே ஆக வேண்டும். இன்று மிகப் பெரிய நூறு கம்பெனிகளின் சபைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 30 பேர் பெண்கள்.

இது நல்ல செய்தி. ஆனால் நார்வேயில் ஆய்வாளர்கள் கண்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். சபையில் பெண்கள் கூடினார்கள். ஆயினும் அதே கம்பெனிகளில் நடுப்படிகளில் வேலை செய்த பெண்களின் நிலை அதனால் பெரிதாக மாறிவிடவில்லை. நம் நாட்டிலும் டான்ஶ்ரீ செத்தி அக்தார் அசீஸ் 2000-இலிருந்து 2016 வரை மத்திய வங்கியின் ஆளுநராக இருந்து உலகப் புகழ் பெற்றார். அதற்காக ஒவ்வொரு தொழிற்சாலையிலும் பெண் சூப்பர்வைசர் வந்துவிடவில்லை. ஏணியின் உச்சியில் ஒருவரை உட்கார வைப்பது ஒன்று. நடுவில் உடைந்த படிகளைப் பழுதுபார்ப்பது வேறொன்று.

அந்தப் படி எங்கே உடைகிறது?

சற்றுமுன் சொன்ன கிளாடியா கோல்டின் ஹார்வர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியை. அமெரிக்காவின் 200 வருடப் பதிவேடுகளைப் புரட்டி ஆராய்ந்தவர். அதற்காக 2023-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றார். பழைய பதிவேடுகளில் பெண்ணின் தொழில் என்ற இடத்தில் 'மனைவி' என்று மட்டும் எழுதியிருக்கும். அவள் வயலிலும் கடையிலும் உழைத்த உழைப்பு கணக்கில் வராமலே போயிருந்தது என்று கண்டார். விவசாயக் காலத்தில் மிகுதியாக உழைத்த பெண்கள், தொழிற்சாலைகள் வந்து வேலை வீட்டை விட்டுத் தூரமானபோது குறைந்தார்கள். நெடுங்காலம் கழித்தே மீண்டும் கூடினார்கள். இன்று ஆணும் பெண்ணும் ஒரே படிப்புப் படித்து, ஏறத்தாழ ஒரே சம்பளத்தில் வேலையில் சேருகிறார்கள். முதல் குழந்தை பிறந்த பிறகுதான் இடைவெளி விரிகிறது என்பது அவர் கண்ட முக்கியமான உண்மை.

நம் நாட்டுக் கணக்கும் அதையே சொல்கிறது. வேலை செய்யும் வயதுள்ள ஆண்களில் நூற்றுக்கு 80-க்கு மேற்பட்டோர் வேலைச் சந்தையில் இருக்கிறார்கள். பெண்களில் ஏறத்தாழ 56 பேர். பல்கலைக்கழகங்களிலோ பெண்கள் பாதிக்கு மேல். இருபதுகளின் பிற்பகுதியில் உச்சத்தில் இருக்கும் பெண்களின் கணக்கு, அதன்பின் இறங்கிக்கொண்டே போகிறது. வேறு சில நாடுகளில் பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் தாய்மார்கள் வேலைக்குத் திரும்புகிறார்கள். இங்கே பெரும்பாலும் திரும்புவதில்லை.

இந்த இடத்தில் தோட்டத்து ஆயாக் கொட்டகையை நினைத்துக் கொள்ளுங்கள். விடியற்காலையில், இருட்டோடு, தூங்கும் பிள்ளையைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போய், வரிசையாகத் தொட்டில் கட்டிய கொட்டகையில் விட்டுவிட்டு அம்மாக்கள் பிரட்டுக்குப் போவார்கள். ஆயா பால் புகட்டுவார், தாலாட்டுவார். அதில் குறைகளும் உண்டு. ஓர் ஆயாவுக்கு எத்தனையோ பிள்ளைகள். ஆனாலும், பிள்ளை பெற்றவள் வேலைக்கு வர வேண்டுமானால் பிள்ளையைப் பார்க்க ஆள் வேண்டும் என்ற எளிய உண்மை தோட்ட நிர்வாகத்துக்குத் தெரிந்திருந்தது. அவள் கூலி இல்லாமல் நிரைகள் ஓடாது என்பதால் தெரிந்திருந்தது.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு, நம் குடும்பங்கள் கமுண்டிங்கிலும் தைப்பிங்கிலும் பினாங்கிலும் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேறியபோது ஆயாக் கொட்டகை கூட வரவில்லை. பட்டணத்தில் குழந்தைப் பராமரிப்புக்குக் கட்டணம் கட்டினால் சம்பளத்தில் பெரும்பகுதி போய்விடுகிறது. "அதுக்கு நீ வீட்டிலேயே இரும்மா" என்று முடிவாகிறது. பால் சீவிய பாட்டிக்குச் சொந்தச் சம்பாத்தியம் இருந்தது. படித்த பேத்திக்கு இல்லை. இதை நான் என் பழைய மாணவிகள் பலரிடம் பார்க்கிறேன். இதைச் சொல்லும்போது எனக்கு மனம் கனக்கிறது.

நேயர்களே, குறையை மட்டும் சொல்லி முடிக்க நான் விரும்பவில்லை. நம் கையில் இருப்பவை என்னென்ன என்று பார்ப்போம்.

முதலாவது, சட்டம். திருத்தப்பட்ட வேலைச் சட்டம் 2023 ஜனவரி முதல் தீபகற்பத்தில் நடைமுறையில் இருக்கிறது. பிரசவ விடுப்பு முன்பு 60 நாள். இப்போது 98 நாள். தகப்பனுக்கும் சம்பளத்தோடு 7 நாள் விடுப்பு உண்டு. அதே முதலாளியிடம் 12 மாதம் வேலை செய்திருக்க வேண்டும், முன்கூட்டியே அறிவிக்கவும் வேண்டும். கர்ப்பமாக இருக்கிறாள் என்பதற்காக ஒரு பெண்ணை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது. வேலை நேரத்தை மாற்றித் தரும்படி எழுத்து மூலம் கேட்கலாம். முதலாளி 60 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும். வேலையிடத்தில் பாகுபாடு என்றால் தொழிலாளர் இலாகாவில் முறையிடலாம். 2009-இல் தற்காலிக ஆசிரியையாகத் தேர்வான ஒரு பெண், கர்ப்பிணி என்று தெரிந்ததும் வேலை மறுக்கப்பட்டார். அவர் வழக்குத் தொடுத்தார். அது அரசியலமைப்புக்கு விரோதமான பாகுபாடு என்று ஷா ஆலாம் உயர் நீதிமன்றம் 2011-இல் தீர்ப்பளித்தது. கேட்டவருக்குத்தான் சட்டம் கை கொடுக்கும்.

இரண்டாவது, கணக்கு. பெண்ணின் பெயரில் சேமநிதி ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று பாருங்கள். வீட்டில் இருக்கும் குடும்ப மாதர்களுக்கும் சொக்சோ காப்பு 2022 டிசம்பர் முதல் உண்டு. 55 வயதுக்கு உட்பட்டவர்கள் வருடத்துக்கு 120 வெள்ளி கட்டிச் சேரலாம். வீட்டு வேலையும் வேலைதான் என்று ஒரு சட்டம் ஒப்புக்கொண்டிருக்கிறது என்பதே பெரிய மாற்றம்.

மூன்றாவது, வீடு. இதற்குச் சட்டம் வராது. பேறுகாலத்துக்குப் பின் மருமகள் வேலைக்குத் திரும்ப வேண்டுமானால், குழந்தையைப் பார்ப்பது அவள் ஒருத்தியின் பொறுப்பாக இருக்க முடியாது. தகப்பன் பால் புட்டியைக் கழுவினால் கௌரவம் குறையாது. அண்ணன் தட்டைத் தங்கை கழுவும் வீட்டில், யார் மேற்பார்வை பார்ப்பவர், யார் ஏவல் செய்பவர் என்ற பாடம் அன்றே தொடங்கிவிடுகிறது. பள்ளியில் நான் நடத்தும் பாடத்தைவிட அது ஆழமாகப் பதியும்.

நான்காவது, கேள்வி. உங்கள் மகளோ மருமகளோ வேலை செய்யும் இடத்தில் மேற்பதவி ஒன்று காலியாகிறது என்றால், "நீ மனுப் போட்டாயா?" என்று கேளுங்கள். "நமக்கெல்லாம் எங்கே கிடைக்கும்" என்று அவள் சொன்னால், "போட்டுப் பார்" என்று சொல்லுங்கள். யாரை எதற்காகத் தேர்ந்தார்கள் என்று கேட்பதும் அவள் உரிமை. அளந்து பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்று கேட்பதுதான் அது. சலுகை கேட்பது ஆகாது.

என் அம்மாவுக்கு இப்போது வயதாகிவிட்டது. சென்ற மாதம் என் தங்கை, தான் வேலை செய்யும் தொழிற்சாலையில் சூப்பர்வைசர் பதவிக்கு மனுப் போட்டிருப்பதாக வந்து சொன்னாள். முடிவு இன்னும் தெரியவில்லை. அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எனக்கு யாரும் கேக்கச் சொல்லலேடி" என்றார்.

நேயர்களே, நம் வீட்டுப் பெண் பிள்ளைகளிடம் கேட்கச் சொல்வோம்.